மலையகத்துக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்களா? உங்கள் முதல் கிறிஸ்மஸுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. சொந்த ஊர் நாகர்கோவில். மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் மழை தொடங்கும் நேரத்தில், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த தம்பி யாராவது என்னிடம் வந்து, "அண்ணே, கிறிஸ்மஸுக்கு இங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். கேட்கும்போதே குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் முதல் வருடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 24ஆம் தேதி இரவு பத்தரைக்கு டியூட்டி முடிந்தது. அறைக்கு வந்தால் மழை. பூசை எத்தனை மணிக்கு, எந்தக் கோயிலில் என்று ஒன்றும் தெரியாது. மறுநாள் டவுனில் பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. பகல் சாப்பாட்டுக்கு பிஸ்கட்டும் பிளேன்டீயும்தான். போனில் மகள், "அப்பா, உங்க ரூம்ல ஸ்டார் போட்டாச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த வருடம் நான் இரண்டு தவறு செய்திருந்தேன். டிசம்பர் இருபதுக்குப் பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்தேன். அதைவிடப் பெரிய தவறு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தது. கோயிலில் பழகிய ஒரு அக்கா பிறகு சொன்னார்: "நீங்க ஹோட்டல்ல இருக்கிறவங்க. அங்க பெரிய விருந்தே இருக்கும். எங்க லயத்து வீட்டுக்கு எப்படிக் கூப்பிடுறதுன்னு யோசிச்சோம்." லயம் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். அவர்களுக்கும் தயக்கம், நமக்கும் தயக்கம். அடுத்த வருடம் நானாகவே போய், "அக்கா, கேக் வேலைக்கு ஆள் வேணுமா? பழம் வெட்டித் தர்றேன்" என்றேன். அன்றிலிருந்து எனக்கு இங்கே ஒரு கிறிஸ்மஸ் இருக்கிறது. கீழே நான் சொல்வது எல்லாமே அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: விருந்துக்கு அழைப்பு வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

அக்டோபர்: ஊருக்கா, இங்கேயா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். ஊருக்குப் போவதானால் டிக்கெட்டை அக்டோபருக்குள் போட்டுவிட வேண்டும். கொழும்பிலிருந்து சென்னை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம் எல்லாவற்றுக்கும் விமானம் உண்டு. ஆனால் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கட்டணம் ஏறிவிடும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் அதை நிறுத்திவைப்பது உண்டு என்பதால், கிறிஸ்மஸுக்கு அதை நம்ப வேண்டாம். நுவரெலியாவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும், மழை நாளில் அதற்கும் மேல். விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் அது எப்போது கைக்கு வரும் என்று அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டே காலாவதி ஆகப் போகிறது என்றால் கண்டியில் இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது, கொழும்பு வரை ஓட வேண்டியதில்லை.

இங்கேயே இருப்பதானால் அடுத்த வேலை லீவு. டிசம்பர் 25 இலங்கை முழுவதும் பொது விடுமுறைதான். ஆனால் ஹோட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் அன்றைக்குத்தான் ஆள் தேவை. பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்து வருவதால் கொழும்பே மலைக்கு ஏறி வரும். அதனால் "25 லீவு வேண்டும்" என்று போய் நிற்காதீர்கள். 24 இரவு ஆறு மணி நேரம், 25 பகல் நான்கு மணி நேரம் என்று துண்டாகக் கேளுங்கள், கிடைக்கும். ஷிப்டை மாற்றிக்கொள்வதில் இன்னும் நல்ல வழி இருக்கிறது. தீபாவளிக்கு ஒரு மலையகத் தம்பிக்காக நான் நிற்பேன், புத்த பண்டிகையான வெசாக்குக்கு ஒரு சிங்களத் தோழருக்காக நிற்பேன், பெருநாளைக்கு ஒரு முஸ்லிம் நானாவுக்காக நிற்பேன். டிசம்பர் 24 இரவு மூன்று பேரும் எனக்காக நிற்பார்கள். இந்தக் கணக்கை ஜனவரியிலேயே தொடங்க வேண்டும். புதிதாக வந்தவர் என்றால் குறைந்தது தீபாவளிக்காவது கை கொடுத்துவிடுங்கள்.

காலண்டரில் இன்னொன்றையும் பாருங்கள். மாதந்தோறும் பௌர்ணமி இங்கே விடுமுறை நாள். போயா என்பார்கள். அன்று இறைச்சி விற்க மாட்டார்கள், மதுக்கடையும் திறக்காது. டிசம்பரில் வருவது உந்துவப் போயா. 2023இல் அது டிசம்பர் 26ஆம் தேதியில் வந்தது. இப்படி ஒட்டி வரும் வருடங்களில் இறைச்சியை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அதே உந்துவப் போயாவில்தான் சிவனொளிபாதமலை யாத்திரையும் தொடங்குகிறது. மே மாத வெசாக் போயா வரை நடக்கும். ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் இருப்பவர்கள் டிசம்பர் கடைசியில் பஸ்ஸில் இடம் கிடைக்கும் என்று எண்ணிக் கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள்.

நவம்பர்: கோயிலைத் தேடுங்கள், முகத்தைக் காட்டுங்கள்

கோயிலைக் கண்டுபிடிப்பது எளிது. நுவரெலியாவில் கத்தோலிக்கருக்குப் புனித சவேரியார் ஆலயம் இருக்கிறது. அந்தப் பெயரைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் நான் ஞானஸ்நானம் வாங்கியது கோட்டாறு சவேரியார் கோயிலில். டிசம்பர் 3 சவேரியார் திருநாள் இங்கேயும் அங்கேயும் ஒரே நாள். குமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கிறிஸ்மஸ் காலம் அன்றுதானே தொடங்கும்! ஹட்டனில் திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது. ஆங்கிலிக்கன் சபையார் என்றால் நுவரெலியா பரிசுத்த திரித்துவ ஆலயம், டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் வார்லி ஆலயம், பதுளை புனித மாற்கு ஆலயம் எல்லாமே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள். மெதடிஸ்த சபையும் பெந்தெகொஸ்தே ஜெபவீடுகளும் டவுன்களில் உண்டு.

தேட வேண்டியது கட்டடத்தை மட்டும் அல்ல, மொழியையும் நேரத்தையும்தான். ஒரே கோயிலில் சிங்களப் பூசை ஒரு நேரம், தமிழ்ப் பூசை ஒரு நேரம் இருக்கும். தோட்டங்களில் சின்னச் சின்னச் சிற்றாலயங்கள் உண்டு. ஒரே ஃபாதர் நாலைந்து தோட்டங்களுக்குப் போக வேண்டியிருப்பதால், ஒரு தோட்டத்தில் நள்ளிரவு, இன்னொன்றில் 24 மாலை, மற்றதில் 25 காலை என்று பூசை பிரிந்திருக்கும். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முகத்தைக் காட்டுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்ததை இந்த நாடு மறக்கவில்லை. கிறிஸ்மஸ் காலத்தில் கோயில் வாசலில் பொலிஸும் இராணுவமும் நிற்பார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். புதிய ஆள் ஒருவர் பெரிய பையோடு 24 இரவு வந்து நின்றால் நாலு கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அது அவமானம் இல்லை. நவம்பரிலிருந்தே நாலு ஞாயிறு போய்வந்திருந்தால், வாசலில் நிற்கும் பங்கு இளைஞர்களே "நம்ம ஆள்தான்" என்று சொல்லிவிடுவார்கள். பாஸ்போர்ட், விசா நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பை வேண்டாம்.

பேச்சு

இதைப் பற்றி யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சொற்கள் முதலில். இங்கே கிறிஸ்மஸுக்கு நத்தார் என்றும் பெயர். போர்த்துக்கேயர் காலத்துச் சொல். சான்டா கிளாஸ் நத்தார் தாத்தா. சிங்களத்தில் வாழ்த்த "சுப நத்தலக் வேவா" என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். முந்திரிப்பருப்பு இங்கே கஜு, சர்க்கரை சீனி, ரொட்டிக்கடை ரொட்டி பாண், முட்டைக்கோஸ் கோவா, பீன்ஸ் போஞ்சி, சோப் சவர்க்காரம். கடையில் இவற்றைச் சொல்லிக் கேட்டால் வேலை சீக்கிரம் முடியும். பிரியாணியைப் பலகையில் புரியாணி என்று எழுதியிருப்பார்கள். ருசி வேறு, தயவுசெய்து ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

இனி மனிதர்கள். நீங்கள் தமிழ்நாடு என்று தெரிந்ததும் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" திருச்சிப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம், சேலம், திருநெல்வேலி என்று தங்கள் தாத்தா பாட்டியின் ஊரை அவர்கள் சொல்வார்கள். ஊர்ப் பெயர் தெரியும், ஆனால் பார்த்ததே இல்லை. சிலருக்கு அதைவிட நெருக்கமான கேள்வி இருக்கும். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அண்ணன் இங்கே, தங்கை கோத்தகிரியில் என்று பிரிந்த குடும்பங்கள் ஏராளம். "கூடலூர்ப் பக்கம் போவீங்களா தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டால், அதற்குப் பின்னால் ஐம்பது வருடப் பிரிவு இருக்கிறது. நின்று கேளுங்கள். கிறிஸ்மஸ் நேரத்தில் பிரிந்தவர்களின் நினைவு கூடுதலாகவே வரும், நமக்கு வருவதுபோல.

ஆனால் "நீங்களும் இந்தியாக்காரங்கதானே" என்று சொல்லிவிடாதீர்கள். அன்பாகச் சொன்னாலும் அது குத்தும். முன்னோர் வந்து இருநூறு வருடம் ஆகிவிட்டதை 2023இல் நினைவுகூர்ந்தவர்கள் இவர்கள். சுதந்திரம் கிடைத்த உடனேயே, 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்து, பிறகு பல பத்தாண்டுகள் போராடி அதைத் திரும்ப வாங்கியவர்கள். மலையகத் தமிழர் என்று சொல்லுங்கள். 'தோட்டக்காட்டான்' என்ற வசைச்சொல்லை வேறு யாராவது சொன்னாலும் நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள்.

பணத்திலும் நிதானம் வேண்டும். 2024இல்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. ஒரு கிலோ கஜு வாங்கினால் இரண்டு மூன்று நாள் சம்பளம் போய்விடும். நீங்கள் ஐயாயிரம் ரூபாய்ப் பரிசைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனால், பதிலுக்கு என்ன செய்வது என்று அந்த வீடு தவிக்கும். ஊரிலிருந்து வரும்போது பனங்கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ், பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் என்று கொண்டுவாருங்கள். கேக்குக்குப் பொருள் வாங்கும்போது செலவில் பங்கு கொடுங்கள். அது பரிசு இல்லை, பங்கு. அதனால் யாரும் கூச்சப்படுவதில்லை.

டிசம்பர் முதல் இரண்டு வாரம்: கேக்

இலங்கை கிறிஸ்மஸ் கேக்கை நாம் ஊரில் வாங்கும் பிளம் கேக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். இது மைதாவில் செய்வதில்லை, ரவையில் செய்வது. மாவு குறைவு, பழமும் கஜுவும் அதிகம். சரியாகச் செய்தால் வாரக்கணக்கில் கெடாது. நாள் ஆக ஆகத்தான் ருசி கூடும்.

நான் அந்த அக்கா வீட்டில் கற்றுக்கொண்ட அளவு இது. ரவை கால் கிலோ, பட்டர் முந்நூறு கிராம், சீனி நானூறு கிராம், முட்டை பன்னிரண்டு. மஞ்சள் கரு பன்னிரண்டும் சேரும், வெள்ளைக் கரு ஆறு மட்டும். பிளம்ஸ், சுல்தானா என்று இங்கே சொல்லும் உலர்திராட்சை இரண்டும் சேர்த்து அரைக் கிலோ, கஜு கால் கிலோ. இவற்றோடு புகுல் தோசி என்று கடையில் கேட்டால் கிடைக்கும் நீற்றுப்பூசணி மிட்டாய், இஞ்சிப் பாகு, போத்தலில் விற்கும் சௌசௌ பாகு மூன்றும் சேர்ந்து முந்நூறு, நானூறு கிராம். தேன் கொஞ்சம், ரோஸ் எசன்ஸ், வெனிலா, ஏலக்காய், பட்டை, கிராம்பு, சாதிக்காய். ஊறவைக்க ஒரு சின்னக் கிளாஸ் பிரண்டி. பிரண்டி வேண்டாத வீடுகளில் தோடம்பழ (ஆரஞ்சு) சாற்றில் ஊறவைப்பார்கள், அதுவும் நன்றாகவே வரும். ஆனால் அந்தக் கேக்கை இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

வேலை எல்லாம் வெட்டுவதில்தான். கஜுவும் பழமும் மிளகு அளவுக்கு நறுக்க வேண்டும். பெரிதாக இருந்தால் கேக் உதிர்ந்துவிடும். அதனால்தான் இது தனி ஆளாகச் செய்யும் கேக் இல்லை. லயத்துக் காம்பிராவில், அதாவது லயத்து வீட்டு அறையில், பாய் விரித்து, நடுவில் ஒரு பெரிய தட்டை வைத்து, அக்கா, அவருடைய மாமியார், பக்கத்து வீட்டு இந்துப் பெண்கள் இரண்டு பேர், பிள்ளைகள், நான் என்று சுற்றி உட்காருவோம். கத்தியில் பாகு ஒட்டும், சுடுதண்ணீரில் முக்கி முக்கி வெட்ட வேண்டும். அடுப்பில் பிளேன்டீ கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த மாமியார் சீனியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார், கத்தியும் நிற்காது, கதையும் நிற்காது. நான் சமையல் தொழிலில் இருப்பவன். ஆனாலும் அந்த வீட்டில் எனக்கு இன்றுவரை வெட்டும் வேலைதான். கலக்கும் வேலை அக்காவுக்கு.

ஒரு வாரம் ஊறியதும் ரவையை லேசாக வறுத்து, சூட்டோடு பட்டரில் பிரட்டி வைப்பார். மஞ்சள் கருவையும் சீனியையும் நன்றாக அடித்து, அதில் ரவை, பிறகு பழம், எசன்ஸ். கடைசியாக நுரை பொங்க அடித்த வெள்ளைக் கருவை மெதுவாகச் சேர்ப்பார். தட்டில் இரண்டு மூன்று அடுக்கு எண்ணெய்த்தாள் விரித்து ஊற்ற வேண்டும். 150 டிகிரியில் இரண்டு, இரண்டரை மணி நேரம் மெல்ல வேக வேண்டும்.

வீட்டில் கேக் சுடும் அவன் அடுப்பு இல்லையே என்றால், கவலை வேண்டாம். பேக்கரிக்குக் கொண்டுபோகலாம். பாண் சுடும் அடுப்பை இங்கே போறணை என்பார்கள். பாண் சுட்டு முடித்து சூடு தணியும் நேரத்தில், தட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நம் கேக்கை வேகவைத்துத் தருவார்கள். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்திலேயே பேக்கரியில் சொல்லி நாள் வாங்கி வையுங்கள், இருபதுக்குப் பிறகு இடம் இருக்காது. தட்டின் அடியில் பெயரைப் பெயின்ட்டால் எழுதுங்கள். தாளில் எழுதி ஒட்டினால் கருகிப் போகும். ஒருமுறை எங்கள் தட்டு வேறு வீட்டுக்குப் போய், அவர்களுடையது எங்களிடம் வந்துவிட்டது. இரண்டு வீடும் தெரிந்தவர்கள் என்பதால் மறுநாள் காலையில் பாதிப் பாதி பிரித்துக்கொண்டோம்.

குடிலும் நட்சத்திரமும்

ஊரிலிருந்து சீரியல் பல்பு கொண்டுவருகிறவர்கள் பிளக்கைப் பாருங்கள். மின்னழுத்தம் ஒன்றுதான், 230 வோல்ட். ஆனால் இங்கே புதிய கட்டடங்களில் 13 அம்பியர் சதுரப் பின் சொருகும் துளைதான் இருக்கும், அடாப்டர் வேண்டும். லயத்து வீடுகளில் வயர் பழையது. ஒரு துளையில் நாலு பல்புச் சரத்தைச் சேர்க்காதீர்கள். காகித நட்சத்திரம் இந்த மழையிலும் மூடுபனியிலும் இரண்டு நாள் தாங்காது. மூங்கில் பட்டையில் சட்டம் கட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள்.

மரத்துக்கு சைப்பிரஸ் கிளை டவுனில் விற்கும். தோட்டத்திலோ காட்டிலோ போய் நாமாக வெட்டக் கூடாது, வழக்கு வரும்.

குடிலுக்குப் பொருள் இங்கே கொட்டிக் கிடக்கிறது. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழும் குச்சிகளுக்கு மிலாறு என்று பெயர். தோட்டத்துப் பெண்கள் அதை விறகுக்குக் கட்டிக் கொண்டுபோவார்கள். முறுக்கிக்கொண்டு, பாசி படிந்து, ஒவ்வொரு குச்சியும் ஒரு குட்டி மரம் மாதிரி இருக்கும். அதை நட்டுச் சட்டம் கட்டி, மேலே மானாப்புல் வேய்ந்தால் பெத்லகேம் தொழுவம் மலைச்சாரலுக்கு வந்துவிடும். கூரைக்கு ஓலையும் தரைக்கு ஆற்றுமணலும் போட்டுப் பழகிய எனக்கு முதலில் இது குடிலாகவே தெரியவில்லை. இப்போது ஓலைக் குடிலைப் போட்டோவில் பார்த்தாலும் மானாப்புல் வாசம்தான் நினைவுக்கு வருகிறது.

கரோலும் மழையும்

டிசம்பர் நடுவிலிருந்து கரோல் கூட்டம் லயம் லயமாகப் போகும். பாடத் தெரியாவிட்டால் டார்ச் பிடியுங்கள், காணிக்கைப் பெட்டியைத் தூக்குங்கள். இந்து வீடுகளும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். தட்டில் ரொட்டியோ முறுக்கோ இருக்கும், ஒரு துண்டாவது எடுங்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் இரவில் சட்டைக்கு மேல் ஒரு சட்டை போதாது. ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, அதற்கு மேல் மழைக்கோட்டு வேண்டும். தேயிலை நடுவே நடக்கும்போது அட்டை ஏறாமலிருக்க, காலில் சவர்க்காரத்தை நனைக்காமல் பூசிக்கொண்டு நீளக் காலுறை போடுங்கள்.

மழையைப் பற்றி இன்னும் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் அடித்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து வீடுகளோடு மனிதர்களைக் கொண்டுபோனது. மலையக ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. அந்த வருடம் எங்கள் கரோல் கூட்டம் பாட்டுக்குப் போகவில்லை. பாயும் போர்வையும் அரிசியும் தூக்கிக்கொண்டு முகாம்களுக்குப் போனோம். ஆகவே மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தோட்டத்துப் பாதையில் இரவில் போகாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக எச்சரிக்கை விடும், வானொலியிலும் சொல்வார்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117, போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். நீங்கள் தங்கியிருக்கும் அறைக்குப் பின்னால் மண்மேடு இருந்தால், சுவரில் புதிய வெடிப்போ சேற்று ஊற்றோ தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ரயிலில் பயணம் என்றால், எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள்.

24 இரவு, 25 பகல்

24ஆம் தேதி கையில் பணம் எடுத்து வையுங்கள். இந்திய யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து லங்கா கியூஆர் பலகை உள்ள கடைகளில் வேலை செய்கிறது. ஆனால் தோட்டத்துக் கடையில் காசுதான். டியூட்டி முடிந்ததும் கோயிலுக்குப் போக, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் முன்பே பேசி வையுங்கள், அந்த நேரத்தில் பஸ் கிடையாது. பூசைக்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், வாசலில் சோதனை வரிசை இருக்கும்.

இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. நுவரெலியாவில் பாலன் பிறப்புக்கு மணி அடிக்கும் அதே நொடியில் கோட்டாறிலும் அடிக்கும். நான் மனைவியிடம் முன்பே சொல்லிவைத்துவிடுவேன். பூசைக்கு நடுவில் போன் வேண்டாம், முடிந்து வெளியே வந்ததும் அழைக்கிறேன் என்று. பனிக்குள் சிக்னல் சரியாக வராது. கோயில் மேட்டில் எந்த மூலையில் வருகிறது என்று முதலிலேயே பார்த்து வைத்திருக்கிறேன். மகள் அங்கே வெடி போடுவது எனக்குக் கேட்கும். இங்கே பங்குப் பிள்ளைகள் போடுவது அவளுக்குக் கேட்கும். இரண்டு நிமிடம் யாரும் எதுவும் பேச மாட்டோம்.

25 காலையில் பல வீடுகளில் பாற்சோறு இருக்கும். தேங்காய்ப்பாலில் குழைய வெந்த சோற்றைத் தட்டில் அழுத்தி, சாய்சதுரமாக வெட்டி, கட்டைச் சம்பலோடு தருவார்கள். பகலுக்கு மஞ்சள் சோறு, கோழிக்கறி, கஜுக்கறி. உங்கள் பங்குக்கு ஊர்ச் சாப்பாடு ஒன்று செய்யுங்கள். நான் மீன்குழம்பு வைப்பேன், தேங்காய் அரைத்து, எங்கள் ஊர்ப் பக்குவத்தில். முதல் வருடம் பிள்ளைகள் தயங்கித் தயங்கித் தொட்டார்கள். இப்போது "மாமா, மீன்கொழம்பு உண்டா?" என்று டிசம்பர் பிறந்ததுமே கேட்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை மறக்காதீர்கள். கேக்கும் பலகாரமும் வைத்த தட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போக வேண்டும். இந்து வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு எல்லாவற்றுக்கும். முஸ்லிம் வீட்டுக்குப் பிரண்டி சேர்க்காத கேக், தனித் தட்டில், தனிக் கத்தியால் வெட்டியது. தட்டுகளைச் சுமந்துகொண்டு லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடப்பதைப் புதிய ஆளிடம்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் எல்லா வீட்டுக்கும் அவரை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வழி கிடையாது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம்

26ஆம் தேதி உங்களுக்காக ஷிப்டில் நின்ற ஆட்களுக்குக் கேக் கொண்டுபோங்கள். 31 இரவு ஆராதனைக்கும் இதேபோல ஷிப்டைப் பேசி வைக்க வேண்டும். ஹோட்டலில் அந்த இரவு 24ஐவிடக் கடினம், கிடைக்காவிட்டால் ஜனவரி முதல் நாள் காலைப் பூசைக்குப் போய்விடுங்கள்.

மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரிப்பார்கள். அன்றைக்கும் போங்கள். சுரூபங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். மானாப்புல் மாட்டுக்கொட்டிலுக்குப் போகும், மிலாறு அக்காவின் அடுப்புக்குப் போகும். அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகும்போதே, அடுத்த கவ்வாத்து எந்த மலையில் என்று கேட்டு வையுங்கள்.